பக்கவளவும் பாய்ந்து வரும் நீரும்

ஒரு வீட்டைப் பார்க்கப் போகின்றவர்கள் முன்முற்றத்தைப் பார்ப்பர். உள்ளே சென்று கூடத்தைப் பார்ப்பர். கிணற்றடியையும் பின்வளவையும் பார்க்கத் தவறார். வீட்டுச் சுவருக்கும் எல்லை வேலிக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் பக்கவளவை மட்டும் எவரும் பொருட்படுத்துவதில்லை. உடைந்த வாளியும் துருப்பிடித்த சைக்கிளும் அங்கேதான் அடைக்கலம் புகும். எனினும் அந்த ஒடுங்கிய நிலத்துக்கும் ஒரு கடமை உண்டு. அதனை மறந்தால் என்ன நேரும் என்பதை, அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்திலே வாழும் எமது ஒன்றுவிட்ட தம்பியின் வீட்டிற் கண்டறிந்தோம். இவ்வாரம் அதனையே வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகின்றோம்.

தம்பியின் வீடு சக்கிறமெந்தோ நகரை அண்டிய குடியிருப்பொன்றில் இருக்கின்றது. 2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நாம் அங்கு சென்றிருந்தோம். வீட்டின் வலப்புறத்தே 40 அடி நீளமும் 12 அடி அகலமும் கொண்ட பக்கவளவு. அங்கே கண்ணைப் பறிக்கும் பச்சை நிறத்தில் ஒரு தளம் விரிந்து கிடந்தது. அதில் மூன்று சிறு குழிகள். குழிக்கொரு சிறு கொடி. புல்லென்று எண்ணிக் குனிந்து தொட்டோம். கையில் ஈரம் படவில்லை, சூடுதான் பட்டது. செயற்கைப் புல்!

தம்பியின் மகளுக்கு அப்போது பதினான்கு வயது. பாடசாலைக் கோல்ப் குழுவிலே இடம்பெற்றிருந்தாள். கோல்ப் என்றதும், கோலை ஓங்கிப் பந்தை வானில் பறக்கவிடுவதே நம்மவர் பலருக்கு நினைவில் வரும். ஆனால் அவ்விளையாட்டின் உயிர்நிலை வேறிடத்தில் உள்ளது. பந்து குழியிருக்கும் பசுந்தளத்தை அடைந்த பின்னர் அதனை மெல்ல உருட்டிக் குழியில் வீழ்த்த வேண்டும். 18 குழிகளும் 72 அடிகளும் என வகுக்கப்பட்ட மைதானத்தில், தளத்துக்கு இரண்டு உருட்டல் என்று கணக்கிட்டே அந்தத் தொகையை வகுத்திருக்கின்றனர். அதாவது 72இல் 36, சரிபாதி, இந்த உருட்டலுக்கே உரியது. குழியின் விட்டமோ நாலேகால் அங்குலந்தான். 1891இல் ஸ்கொத்லாந்தின் சென்ற் அன்றூஸ் கழகத்தார் வகுத்த அளவு இன்றுவரை மாறவில்லை. பந்தின் விட்டம் 1.68 அங்குலத்துக்குக் குறையலாகாது. பத்தடி தூரத்திலிருந்து அதனைக் குழிக்குள் வீழ்த்த முயன்று பார்த்தவர்களுக்கே அதன் அருமை தெரியும். நாம் பன்னிரண்டு முறை முயன்று ஒருமுறை வென்றோம். அந்த ஒன்றும் தற்செயல் என்று பிள்ளை சிரித்தாள்.

நாளாந்தப் பயிற்சியின்றி இக்கலை கைகூடாது. மைதானமோ வீட்டிலிருந்து தொலைவில் இருந்தது; கட்டணமும் உண்டு. பிள்ளைக்காகப் பக்கவளவிலேயே ஒரு பசுந்தளம் அமைப்பதென 2022ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்திலே தம்பி தீர்மானித்தார்.

இயற்கையான புல்லையே வளர்த்திருக்கலாகாதா என்று வாசகர்கள் கேட்கக்கூடும். கோல்ப் தளத்துப் புல் நம் முற்றத்து அறுகம்புல் போன்றதன்று. அதனை ஓர் அங்குலத்தின் எட்டிலொரு பங்கு உயரத்துக்கு ஒட்ட நறுக்க வேண்டும். வளரும் காலத்தில் அநேகமாகத் தினந்தோறும் நறுக்க வேண்டும். அதன் அடியிலே நிலமும் தனியாக அமைய வேண்டும். அமெரிக்க கோல்ப் சங்கம் 1960இல் வெளியிட்ட முறைப்படி, கீழே நீர் வடியும் குழாய்கள், அவற்றின் மேல் நான்கு அங்குலச் சரளைக்கல், அதன் மேல் ஓரடி ஆழத்துக்கு மணற்கலவை என்று அடுக்கிய பின்னரே புல் வைப்பர். இவையெல்லாம் ஒரு குடும்பத்தால் ஆகக்கூடிய காரியமன்று. மேலும் 2020 முதல் 2022 வரையான மூன்று ஆண்டுகளும் அம்மாநிலத்தின் பதிவேடுகளிலேயே மிக வறண்ட மூவாண்டாக அமைந்தன. குடிநீரைச் சிக்கனமாகச் செலவிடுமாறு அரசு வேண்டிக்கொண்டிருந்த வேளையில் புல்லுக்கு நீர் இறைப்பதற்குத் தம்பிக்கு மனம் வரவில்லை.

இவ்விடத்தில் செயற்கைப் புல்லின் பிறப்பைப் பற்றி இரண்டொரு வார்த்தை சொல்லுவது மாணவர்களுக்குப் பயன்படும். அது செல்வர் வீட்டு அலங்காரத்துக்காகப் பிறந்ததன்று. நெருக்கமான நகரங்களிலே விளையாட நிலமின்றி வளரும் பிள்ளைகளின் உடல்வலிமை குன்றுகின்றது என்ற கவலை 1950களில் அமெரிக்கரிடையே எழுந்தது. போட் அறநிலையம் 1958இல் நிறுவிய கல்விக் கட்டட ஆய்வகம், புல் முளைக்காத இடத்திலும் பிள்ளைகள் ஓடியாடக்கூடிய தளமொன்றைக் காணுமாறு தூண்டியது. மொன்சான்டோ என்ற இரசாயன நிறுவனத்தார் நைலோன் நாரினால் அதனை ஆக்கினர். 1964இல் றோட் ஐலன்ட் மாநிலத்தின் புறொவிடன்ஸ் நகரிலுள்ள மோசஸ் பிறவுண் பாடசாலையில் அது விரிக்கப்பட்டது.

உலகறியச் செய்ததோ ஹூஸ்டன் நகரத்து விளையாட்டரங்காகும். 1965இல் திறக்கப்பட்ட அஸ்ரோடோம் என்னும் அவ்வரங்கம் முழுவதும் கூரையால் மூடப்பட்டது. உள்ளே புல் வளரவேண்டுமென்று ஒளிபுகும் தகடுகளால் கூரையை வேய்ந்தனர். அண்ணாந்து பந்தைப் பிடிக்க முயன்ற வீரர்களின் கண்ணை அந்த வெளிச்சம் கூசச் செய்தது. தகடுகளுக்கு வண்ணம் பூசினர். வீரர்களுக்குக் கண் தெரிந்தது. புல்லோ ஒளியின்றி மடிந்தது. 1966இல் அவ்விடத்தைச் செயற்கைப் புல் பிடித்துக்கொண்டது. அவ்வரங்கின் பெயரை ஒட்டியே அதற்கு அஸ்ரோரேர்வ் என்ற பெயரும் வழங்கலாயிற்று. நிலமற்ற நகரப் பிள்ளைகளுக்கெனப் பிறந்த பொருள், இப்போது நிலமுள்ளவர் வீட்டு வளவுக்கும் வந்து சேர்ந்திருக்கின்றது.

இனித் தம்பியின் வளவுக்குத் திரும்புவோம். இவ்வேலை எவ்வாறு நடைபெற வேண்டும் என்பதை முதலிற் கூறிவிடுகின்றோம். மண்வெட்டியை எடுக்குமுன் 811 என்னும் தொலைபேசி இலக்கத்தை அழைத்தல் வேண்டும். அந்நாட்டில் நிலத்தைத் தோண்ட எண்ணுபவர் அனைவருக்கும் பொதுவான இலக்கம் அது. எரிவாயுக் குழாயும் மின்கம்பியும் எங்கே புதைந்துள்ளன என்பதை ஆள் அனுப்பி நிலத்தில் வண்ணக் கோடிட்டுக் காட்டுவர். அதன்பின் பழைய புல்லையும் மேல்மண்ணையும் மூன்று நான்கு அங்குல ஆழத்துக்கு வெட்டி அகற்ற வேண்டும். வெட்டிய பள்ளத்திலே நொறுக்கிய கல்லையும் கற்றூளையும் சிறிது சிறிதாகப் பரப்பி, ஒவ்வொரு படைக்கும் நீர் தெளித்து, அதிர்ந்து அதிர்ந்து நிலத்தை இறுக்கும் இயந்திரத்தால் அழுத்த வேண்டும். ஒரேயடியாகக் கொட்டி அழுத்தினால் மேற்புறம் இறுகும். உட்புறம் பொசுபொசுத்துப் பின்னர் தாழும். உருளும் பந்துக்கு ஒரு சிறு தாழ்வும் பெரும் பள்ளந்தான்.

குழிகளுக்குரிய கிண்ணங்களை இந்தக் கல்தளத்திலேயே பதித்துவிடுவர். அதன் மேல் செயற்கைப் புல்லை விரித்து, ஓரிரு நாள் வெயிலிலே தளரவிட்டு, நார் சாயும் திசையை ஒன்றாக்கிப் பொருத்துகளை ஒட்டுவர். ஓரங்களை நீண்ட ஆணிகளால் இறுக்குவர். ஈற்றில் நுண்ணிய மணலைத் தூவித் துடைப்பத்தால் நாருக்குள் இறக்குவர். இந்த மணலே நாரை நிமிர்த்திப் பிடிக்கின்றது. பந்து உருளும் வேகத்தையும் பெரும்பாலும் இதுவே தீர்மானிக்கின்றது.

அவ்வேகத்தை அளப்பதற்கும் ஒரு கருவி உண்டு. 1935இல் பென்சில்வேனியாவின் ஓக்மொன்ற் மைதானத்தில் நடைபெற்ற அமெரிக்கப் பகிரங்கப் போட்டியைப் பார்க்கச் சென்ற எட்வேட் ஸ்ரிம்சன் என்பவர், தளங்களின் வேகம் அளவுமீறியது என்று எண்ணினார். எண்ணியதை நிறுவ ஓர் அளவுகோல் வேண்டுமென உணர்ந்தார். பள்ளம் வெட்டிய ஒரு நீண்ட சட்டத்தின் மேல் பந்தை வைத்து, ஒரு முனையை மெல்ல உயர்த்துவர். சட்டம் ஏறத்தாழ 20 பாகை சாய்ந்ததும் பந்து தானாக நழுவி உருளும். அது எத்தனை அடி ஓடி நிற்கின்றதோ அதுவே தளத்தின் வேகம். எளிய கருவியாயினும் கோல்ப் சங்கம் 1978இல்தான் அதனை மைதானங்களுக்கு வழங்கத் தொடங்கியது. தம்பியின் மகள் பலகைத் துண்டொன்றினால் அத்தகைய சட்டத்தைத் தானே செய்து வைத்திருந்தாள். அவள் அளந்த பொழுது பந்து பத்தடி ஓடியது. பௌதிகப் பாடம் பயிலும் மாணவர்கள் இதனைச் செய்து பார்க்கலாம். பக்கவளவு வேண்டியதில்லை, வீட்டுச் சீமெந்துத் தரையே போதும்.

இவ்வளவும் முறைப்படி நடந்திருந்தால் இக்கட்டுரைக்கு வேலையில்லை. தம்பி ஒரேயொரு படியைத் தவறவிட்டார். 480 சதுர அடி நிலத்தை நான்கு அங்குலம் தோண்டினால் 160 கன அடி மண் வரும். அதனை ஏற்றி அப்புறப்படுத்த ஒப்பந்தக்காரர் தனிக் கூலி கேட்டார். தோண்டாமலே, இருக்கும் நிலத்தின் மேல் கல்லைப் பரப்பிவிட்டால் என்ன என்று தம்பி கேட்டார். ஒப்பந்தக்காரரும் தலையசைத்தார். கல் சரிந்து போகாதிருக்க வளவின் விளிம்பு முழுவதும் மரச்சட்டம் அடித்தனர். பக்கவளவு நான்கு அங்குலம் உயர்ந்தது. நவம்பர் மாதத்தில் வேலை முடிந்தது. பிள்ளை மகிழ்ந்தாள். தம்பி, கூலியை மிச்சம் பிடித்த மகிழ்ச்சியில் இருந்தார்.

அந்நாட்டுக் குடியிருப்புகளிலே பக்கவளவு வெறும் இடைவெளியன்று. வீட்டின் அத்திவாரத்திலிருந்து முதற் பத்தடிக்குள் நிலம் ஆறங்குலம் தாழ்ந்து செல்ல வேண்டும் என்பது அங்கு பரவலாக வழங்கும் வீடமைப்பு விதி. எல்லை நெருங்கி அதற்கு இடம் போதாதெனின் வடிகாலோ ஆழமற்ற வாய்க்காலோ அமைக்க வேண்டும். புல் மூடிய அந்த வாய்க்கால் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய தாழ்வாகவே இருக்கும். ஆயினும் பின்வளவு நீரும் கூரைப் பீலி நீரும் அதன் வழியேதான் தெருவை அடைகின்றன. அந்நீர் சிறிதென்று எண்ணவேண்டாம். 1,000 சதுர அடிக் கூரையில் ஓர் அங்குல மழை பெய்தால் ஏறத்தாழ 2,360 லீற்றர் நீர் இறங்கும். தம்பி புல் விரித்தது அந்த வாய்க்காலின் மேல்.

மூன்றாண்டு வறட்சிக்குப் பின் வானம் திறந்தது. 2022 டிசெம்பர் இறுதி முதல் 2023 ஜனவரி நடுப்பகுதி வரை, பசுபிக் சமுத்திரத்திலிருந்து ஈரத்தைச் சுமந்துவரும் ‘வளிமண்டல ஆறுகள்’ ஒன்பது ஒன்றன்பின் ஒன்றாகக் கலிபோர்ணியாவைத் தாக்கின. ஆண்டின் கடைசி நாளன்று சக்கிறமெந்தோப் பகுதியில் பெருமழை கொட்டியது. செயற்கைப் புல்லின் அடியில் துளைகள் உண்டு, நீர் இறங்கும். ஆனால் நன்கு இறுக்கிய கற்றூளும் அதன் கீழுள்ள களிமண்ணும் அவ்வளவு நீரை அவ்வளவு விரைவாக உறிஞ்சுவன அல்ல. உயர்ந்த பக்கவளவு அணைக்கட்டாயிற்று. பின்வளவில் தேங்கிய நீர் போகும் வழி காணாது அயல்வீட்டுப் பக்கம் திரும்பியது.

அவ்வீட்டிலே கணவனை இழந்த முதிய அமெரிக்க மாது ஒருவர் தனியாக வாழ்கின்றார். அவருடைய கராச்சினுள் இரண்டங்குல நீர் புகுந்தது. தரையில் வைத்திருந்த அட்டைப் பெட்டிகள் நனைந்தன. அவற்றுள் ஒன்றிலே, படைச் சேவையிலிருந்த காலத்தில் அவர் கணவர் எழுதிய கடிதங்கள் இருந்தன. புத்தாண்டுக் காலையில் அவர் தம்பியை அழைத்தார், ஏசவில்லை, பெட்டியைத் திறந்து காட்டினார். மை கரைந்த தாள்களைச் சமையலறை மேசையிலே ஒவ்வொன்றாகப் பிரித்துப் பரப்பியிருந்தார். அடுத்த மழைக்கு முன் நீருக்கு வழிவிட வேண்டும் என்பது மாத்திரமே அவர் வேண்டுகோள்.

“அண்ணை, அவர் என்னை நாலு வார்த்தை ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்,” என்று தம்பி எம்மிடம் கூறினார்.

அடுத்த மழைக்கு மூன்று நாட்களே இருந்தன. அந்நாட்களிலே வேலையாள் எவரும் கிடைக்கவில்லை. தளத்தைப் பிரிப்பதா, மணல்மூட்டை அடுக்கிச் சமாளிப்பதா என்று தம்பியும் மனைவியும் இரவு வெகுநேரம் யோசித்தனர். அதுவரை பேசாதிருந்த மகள், “அப்பா, வெட்டுங்கள். நான் பிறகு விளையாடலாம். அந்தக் கடிதங்களைப் பிறகு எழுத முடியாது,” என்றாளாம். அன்றிரவே மகள் மின்சூள் பிடித்து நிற்க, தம்பி மதிலோரமாக ஓரடி அகலத்துக்குப் புல்லைக் கத்தியால் அறுத்து, கல்லைக் கிளறி எறிந்து, முன்னிருந்த மட்டத்துக்கும் கீழே நீண்ட கானொன்றை வெட்டினார். அடுத்த மழையும் அதற்கடுத்த மழையும் அக்கான் வழியே தெருவுக்கு ஓடின. அயல்வீட்டுத் தரை அதன்பின் நனையவில்லை.

சட்டம் இதில் என்ன சொல்கின்றது என்று பின்னர் விசாரித்தோம். மழைநீரைப் பற்றிய ஒரு வழக்கிலே, கலிபோர்ணியாவின் அதியுயர் நீதிமன்றம் 1966இல் ஒரு நெறியை வகுத்திருக்கின்றது. மேட்டு நிலத்தானும் பள்ள நிலத்தானும் இருவருமே நியாயமான கவனத்துடன் நடக்க வேண்டும். இருவரும் அவ்வாறு நடந்தும் சேதம் நேருமாயின், நீரின் இயற்கை வழியை மாற்றியவனே அதற்குப் பொறுப்பாளி என்பது அதன் சாரம். அம்மாது வழக்குத் தொடுத்திருந்தால் தம்பியின் நிலை மெலிந்ததாகவே இருந்திருக்கும். அவர் தொடுக்கவில்லை. கராச்சைத் திருத்தும் செலவைத் தம்பி தாமாகவே ஏற்றார். கடிதங்களுக்கு மாத்திரம் விலை கொடுக்க முடியவில்லை.

இளவேனிலில் தளம் மீண்டும் அமைக்கப்பட்டது. இம்முறை மண்ணைத் தோண்டி ஏற்றினர். பன்னிரண்டடியில் எட்டடியே தளத்துக்கு. எஞ்சிய நான்கடியும் நீருக்கு. மதிலோரமாகத் துளையிட்ட நாலங்குலக் குழாயைத் துணி சுற்றிக் கூழாங்கல்லுக்குள் புதைத்து, 40 அடிக்கு 5 அங்குலத் தாழ்வு கொடுத்துத் தெருக்கான் வரை கொண்டுசென்றனர். கூரைப் பீலியையும் தனிக் குழாயால் அங்கேயே சேர்த்தனர். மிச்சம் பிடித்த கூலியைப்போல் பன்மடங்கு செலவாயிற்று என்று தம்பி ஒப்புக்கொண்டார். நாம் கையால் தொட்டுப் பார்த்தது இந்த இரண்டாவது தளத்தையே.

இனி, இதனைப் பின்பற்ற எண்ணும் புலம்பெயர்ந்த உறவினர்களின் பொருட்டு வேறு சிலவும் சொல்லவேண்டும். செயற்கைப் புல் வெயிலில் மிகச் சூடேறும். யூட்டா மாநிலத்துப் பிறிகம் யங் பல்கலைக்கழகத்தார் 2002இல் அளந்தபோது, காற்று ஏறத்தாழ 37 பாகை செல்சியஸ் இருந்த நாளொன்றிலே செயற்கைத் தளம் 93 பாகை வரை ஏறியதைக் கண்டனர். உயிருள்ள புல் நீரை ஆவியாக்கித் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். நாருக்கு அவ்வித்தை தெரியாது. ஆதலின் சிறு பிள்ளைகளை உச்சிவெயிலில் வெறுங்காலுடன் அதன் மேல் விடலாகாது. பக்கவளவில் இன்னுமோர் இடர் உண்டு. வெப்பத்தைத் தடுக்கும் புதுவகை யன்னற் கண்ணாடி அயல்வீட்டில் இருந்தால், அதிலிருந்து தெறிக்கும் வெயில் ஓரிடத்தில் குவிந்து நாரை உருக்கிவிடுவதும் உண்டு. தேய்ந்துபோன செயற்கைப் புல்லோ மக்கி மண்ணாகாது. பெரும்பாலும் குப்பைமேட்டுக்கே போகும்.

அரசின் நோக்கும் மாறி வந்திருக்கின்றது. 2015ஆம் ஆண்டின் வறட்சியிலே, வீட்டுக்காரர் செயற்கைப் புல் இடுவதை நகரசபைகள் தடைசெய்யலாகாது எனக் கலிபோர்ணியா சட்டம் செய்தது. 2023இல் அதே மாநிலம் வேறொரு சட்டத்தின் மூலம் தடைசெய்யும் அதிகாரத்தை நகரசபைகளுக்கு மீள அளித்தது. ஆகவே புல்லை வாங்குமுன் தத்தம் நகரசபையின் விதியை அறிந்துகொள்ளல் நன்று.

அப்படியாயின் செயற்கைப் புல் தீதா? நாம் அவ்வாறு சொல்ல மாட்டோம். தினமும் நறுக்கவும் நீர் இறைக்கவும் இயலாத ஒரு குடும்பத்தில், ஒரு பிள்ளை மாலைதோறும் வீட்டைவிட்டு அகலாமல் தன் கலையைப் பயில்கின்றாள். அது நல்ல பயனே. தீது விளைந்தது புல்லால் அன்று; புல்லின் கீழே என்ன இருக்கின்றதென்று பாராமையால். நிலம் எமது உறுதியில் எழுதப்பட்டிருக்கலாம். அதன் மேல் ஓடும் மழைநீர் எவருடைய உறுதியிலும் எழுதப்படவில்லை. அது மேலே ஒருவரிடமிருந்து வந்து, கீழே ஒருவரிடம் போகின்றது.

யாழ்ப்பாணத்தில் வளர்ந்த தம்பிக்கு இது புதிய பாடமன்று. மழைநீர் சுண்ணாம்புக்கல்லினூடே இறங்கியே அங்கு கிணறுகள் ஊறுகின்றன. மாரி தொடங்குமுன் வேலியோரத்துக் கானைச் செருக்கித் துப்புரவாக்கும் வேலை சிறுவயதில் தம்பிக்கு உரியதாயிருந்தது. “ஊரிலே ஆண்டுதோறும் செய்த வேலை, அண்ணை, இங்கே வந்து மறந்துபோனேன்,” என்று கூறி அவர் தலை குனிந்தார்.

நாம் விடைபெறும் நாளன்று மாலை அயல்வீட்டு மாது வந்திருந்தார். பிள்ளையின் கோலை வாங்கித் தாமும் ஒரு பந்தை உருட்டினார். அது குழியை விட்டு விலகி மதிலோரத்துக் கூழாங்கற்களிடையே போய் விழுந்தது. பிள்ளை ஓடிச்சென்று அதனை எடுத்து, துடைத்து, மீண்டும் அவர் காலடியில் வைத்தாள்.

வாசகர்களும் தத்தம் வீட்டுப் பக்கவளவை ஒருமுறை சென்று பார்ப்பார்களாக. சீமெந்து பூசுவதாயினும், கல் பதிப்பதாயினும், புல் விரிப்பதாயினும், ஒரு மழைநாளிலே குடை பிடித்து நின்று நீர் எவ்வழி போகின்றதென்று பார்த்த பின்னரே தொடங்குக. அந்த ஒருநாட் காவலுக்குக் கூலி வேண்டியதில்லை.